சளிக்குக் குடித்த டானிக்கும் நாடா நோட்டீஸும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 23. கபடியில் ரெய்டர். இந்த வருடம்தான் முதல்முறையாக ஒரு தொழில்முறை லீக் அணியில் எடுத்திருக்கிறார்கள். பயிற்சி முகாமுக்குத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிலிருந்து வந்து சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்து, அதில் ‘டெர்பியூடலின்’ என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததாக மெயில் வந்திருக்கிறது. மாதிரி எடுத்ததற்கு முந்தைய வாரம் ஊருக்குப் போயிருந்தபோது கடுமையான சளி. டாக்டர் எழுதிக் கொடுத்த இருமல் டானிக்கை ஐந்து நாள் குடித்தேன். அதில்தான் இருந்திருக்கும் போல. பாதி பாட்டில் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஆனால் பரிசோதனை அன்று கொடுத்த படிவத்தில் புரோட்டீன் பவுடரை மட்டும்தான் எழுதினேன். மருந்துக்கடையில் பில் வாங்கவில்லை. இப்போது பழைய தேதி போட்டு பில் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். கூட ஆடும் அண்ணன் ஒருவர், “யாரோ தண்ணீர் பாட்டிலில் கலந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடு” என்கிறார். நான்கு வருஷம் தடை என்று ஊரெல்லாம் பேச்சு. அன்றே தனியாகப் பிரித்து வைத்த ‘பி’ மாதிரியைச் சோதிக்கச் சொல்லலாமா? 7 நாளுக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள், இரண்டு நாள் போய்விட்டது. தடை வந்தால் ஊர்க் கபடியாவது ஆடலாமா?

பதில்: தம்பி, மீதி இருப்பது ஐந்து நாள். ஆகவே இதைப் படித்து முடித்ததும் அந்த மெயிலுக்கு மூன்று வரியில் பதில் அனுப்புங்கள்: கடிதம் கிடைத்தது, விளக்கம் தரப் போகிறேன், ஏற்கெனவே சோதித்த ‘ஏ’ மாதிரியின் ஆய்வக ஆவணத் தொகுப்பு வேண்டும். வந்த மெயிலுக்கே ரிப்ளை போட்டு, அனுப்பிய நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அணி மேனேஜரிடமோ மாவட்டச் சங்கச் செயலாளரிடமோ போனில் சொன்னது நாடாவுக்குச் சொன்னதாகாது. பல பையன்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

உங்களுக்கு வந்திருப்பது தீர்ப்பு அல்ல, குற்றச்சாட்டுக் கடிதமும் அல்ல. மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது என்ற அறிவிப்பு, அவ்வளவுதான். உங்கள் விளக்கம் போன பிறகும் நாடா திருப்தி அடையாவிட்டால்தான் முறையான குற்றச்சாட்டுக் கடிதம் வரும். அதற்குப் பதில் சொல்ல அதிகபட்சம் 20 நாள் தருவார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து, முதல் கடிதத்துக்கே பயத்தில் “தப்பு செய்துவிட்டேன், மன்னியுங்கள்” என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். என்ன மருந்து, எப்போது, யார் எழுதியது, எவ்வளவு குடித்தது என்பதை மட்டும் எழுதுங்கள்.

அடுத்து அந்த நான்கு வருஷம். ஊரில் பேசுபவர்கள் மனதில் கோமதி மாரிமுத்து வழக்கு இருக்கும். 2019ல் தோகாவில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். நாண்ட்ரலோன் தொடர்பாகப் பிடிபட்டு, பதக்கமும் போய், நான்கு ஆண்டு தடையும் வந்தது. ஆனால் நாண்ட்ரலோன் தசை வளர்க்கும் ஸ்டீராய்டு. அந்த வகை ஸ்டீராய்டு என்றால் கணக்கு நான்கு ஆண்டில் தொடங்கும். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று வீரர்தான் நிரூபிக்க வேண்டும். டெர்பியூடலின் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, ‘ஸ்பெசிஃபைட்’ என்ற பிரிவில் வருகிறது. விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக ஒருவர் உட்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவே ஒப்புக்கொள்கிற பொருள்களின் பிரிவு அது. இந்தப் பிரிவில் கணக்கு இரண்டு ஆண்டில் தொடங்கும். அதை நான்காக்க வேண்டுமானால் நீங்கள் வேண்டுமென்றே எடுத்தீர்கள் என்று நாடா நிரூபிக்க வேண்டும். இரண்டிலிருந்து கீழே இறக்க வேண்டுமானால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ‘குறிப்பிடத்தக்க அலட்சியம் இல்லை’ என்று காட்டிவிட்டால் இரண்டு ஆண்டிலிருந்து வெறும் கண்டிப்பு வரை எங்கு வேண்டுமானாலும் தண்டனை நிற்கலாம்.

“போட்டி அன்று எடுக்கவில்லையே, முகாமில்தானே எடுத்தார்கள்” என்ற வாதம் உங்களுக்கு உதவாது. டெர்பியூடலின் போட்டிக் காலம், மற்ற காலம் என்ற பேதமின்றி எப்போதும் தடையில் இருப்பது.

‘பி’ மாதிரி விஷயத்துக்கு வருவோம். அன்று உங்கள் சிறுநீரை நீங்களே இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் பிரித்து ஊற்றியிருப்பீர்கள். குறைந்தது 90 மில்லி, அதில் 30 ‘பி’ பாட்டிலுக்கு, 60 ‘ஏ’ பாட்டிலுக்கு. மூடியைத் திருகும்போது டிக் டிக் என்று பல் விழுந்து பூட்டிக்கொள்ளும், உடைக்காமல் திறக்க முடியாது. அந்த ‘பி’ பாட்டிலை நீங்களோ உங்கள் பிரதிநிதியோ பார்க்கத் திறந்து சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இரண்டாவது சோதனையில் அந்தப் பொருள் இல்லையென்றால் வழக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் நீங்களே டானிக் குடித்தேன் என்கிறீர்கள். குடித்தது உண்மையென்றால் ‘பி’யிலும் அதுதான் இருக்கும். கட்டணமும் உங்கள் கையிலிருந்து, சில வாரமும் வீண். வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே விதிவிலக்கு: உங்களிடம் இருக்கும் படிவ நகலில் உள்ள பாட்டில் எண்ணும் மெயிலில் வந்த எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். எண் வேறாக இருந்தால் ‘பி’ சோதனை கேட்பதோடு நில்லாமல் உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

அதே படிவத்தில், கடந்த 7 நாளில் எடுத்த மருந்து, சத்துப்பொருள் என்று ஒரு கட்டம் இருந்திருக்கும். அங்கேதான் நீங்கள் டானிக்கை விட்டுவிட்டீர்கள். இது உங்கள் வழக்கின் பலவீனமான இடம், மறைப்பதற்கில்லை. எழுதியிருந்தால் மட்டும் தப்பித்திருப்பீர்களா என்றால் இல்லை. படிவத்தில் எழுதுவது அனுமதி வாங்கியதாகாது. ஆனால், “மாட்டிய பிறகு கதை கட்டுகிறான்” என்ற சந்தேகத்தை அந்த ஒரு வரி அப்போதே அடைத்திருக்கும். விசாரணையில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். டானிக்கை மருந்து என்றே நினைக்கவில்லையா, படிவம் புரியாமல் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னீர்களா, நிறுத்தி இரண்டு நாளானதால் தேவையில்லை என்று நினைத்தீர்களா? எது உண்மையோ அதையே சொல்லுங்கள். நல்ல பதிலாக இருக்க வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் ஒரே பதிலாக இருந்தால் போதும்.

இனி உண்மையான வேலை, அந்தப் பாதி பாட்டில். அதைக் கழுவாதீர்கள், இனி ஒரு சொட்டும் குடிக்காதீர்கள். லேபிளின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். இந்த வகை டானிக்குகளில் வழக்கமாக ஒவ்வொரு 5 மில்லியிலும் டெர்பியூடலின் சல்ஃபேட் 1.25 மி.கி., கூடவே ப்ரோம்ஹெக்சினும் குவாய்ஃபெனிசினும் இருக்கும். உங்கள் பாட்டிலில் என்ன அளவு, பேட்ச் எண், தயாரித்த மாதம் எல்லாம் தெளிவாக விழ வேண்டும். 5 மில்லிக்கு 1.25 என்றால், வேளைக்கு 10 மில்லி வீதம் தினம் மூன்று வேளை குடித்தவர் உடலில் நாளொன்றுக்கு 7.5 மி.கி. போயிருக்கும். கடைசி வேளைக்கும் மாதிரி எடுத்த நேரத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம்? இந்தக் கணக்கையும் ஆய்வகம் சொல்லும் அடர்த்தியையும் ஒரு விளையாட்டு மருத்துவரிடமோ மருந்தியல் பேராசிரியரிடமோ கொடுத்து, பொருந்துகிறது என்று எழுத்தில் வாங்க முடிந்தால் உங்கள் வழக்கின் முக்கால் பாகம் முடிந்தது. விசாரணைக் குழு கேட்பது சந்தேகமற்ற நிரூபணம் அல்ல. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். ஆனால் “சளிக்கு ஏதோ குடித்தேன்” என்ற வாய்ச்சொல் அந்த அளவைத் தொடாது.

டாக்டரிடம் போய் உங்கள் பெயர் இருக்கும் நோட்டுப் பதிவின் நகலைக் கேளுங்கள். கூடவே ஒரு கடிதம்: எந்தத் தேதியில் வந்தீர்கள், என்ன தொந்தரவு, பார்த்தது என்ன, எழுதிய மருந்து, அளவு, எத்தனை நாள், விளையாட்டு வீரர் என்று அப்போது சொன்னீர்களா இல்லையா. சொல்லவில்லை என்றால் சொல்லவில்லை என்றே எழுதட்டும். சீட்டில் எழுதிய பெயரும் பாட்டிலில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். “அது இல்லை, இதுவும் அதேதான்” என்று கடையில் வேறொன்றை எடுத்துக் கொடுப்பது தினசரி நடப்பது. ஒரே பிராண்டில் பின்னால் இரண்டு எழுத்து மாறினால் உள்ளே மருந்தே மாறிவிடும். அப்படி நடந்திருந்தால் உங்கள் அலட்சியத்தின் அளவே குறைகிறது. அந்த வாரம் வீட்டாருக்கோ கோச்சுக்கோ “இருமல் விடவில்லை, இன்று வரமாட்டேன்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள். மருந்துக்கடைக்கு ஜிபேயில் பணம் போட்டிருந்தால் அந்த ரசீதே போதும், பில் தேவையில்லை.

பழைய தேதி போட்ட பில்லைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது டெர்பியூடலின் அல்ல, இந்த வரிதான். விசாரணையில் பொய் ஆவணம் கொடுப்பது தனிக் குற்றம். அதற்கு வழக்கமான தண்டனை நான்கு ஆண்டு. டானிக்குக்கான தண்டனை முடிந்த பிறகு அதன் தலையில் சேர்த்துத்தான் ஓடும். பில் புத்தகத்தின் வரிசை எண், கடையின் இருப்புப் பதிவு, பேட்ச் எண் அந்தக் கடைக்கு எப்போது வந்தது என்று மூன்று கேள்வி கேட்டால் குட்டு உடைந்துவிடும். கென்ய மாரத்தான் வீரர் வில்சன் கிப்சாங் மாரத்தானில் உலக சாதனையே வைத்திருந்தவர். 2019 மே மாதம் ஒரு பரிசோதனையைத் தவறவிட்டதற்குச் சாலையில் லாரி கவிழ்ந்து கிடந்தது காரணம் என்று போட்டோ கொடுத்தார். அந்த விபத்து நடந்ததோ அதே ஆண்டு ஆகஸ்டில். 2020ல் நான்கு ஆண்டு தடை. பரிசோதனைக்காகத் தன் இருப்பிடத்தை முன்கூட்டியே தெரிவிக்கும் விதியில் செய்த தவறுகளோடு, பொய்ச் சாட்சியம் கொடுத்ததும் அதில் ஒரு குற்றம். கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்றைய தேதி போட்டு, “இந்த மருந்தை இன்னாருக்கு இந்த வாரத்தில் விற்றதாக நினைவு, பில் போடவில்லை” என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம். பில் போடாமல் விற்றது அவருக்குச் சங்கடம்தான், தயங்குவார். தராவிட்டால் இல்லாமலே போகலாம்.

தண்ணீரில் கலந்த கதையும் அப்படித்தான். மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் 2016ல் மெத்தாண்டியனோன் என்ற ஸ்டீராய்டில் பிடிபட்டபோது, தன் உணவில் வேறொருவர் கலந்துவிட்டதாகச் சொன்னார். நாடாவின் குழு ஏற்று விடுவித்தது. ரியோ ஒலிம்பிக்கில் அவர் களமிறங்க இருந்த நேரத்தில் வாடா மேல்முறையீடு செய்ய, விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல் நான்கு ஆண்டு தடை விதித்தது. கலந்தார்கள் என்றால் யார், எப்போது, எதில் என்று சான்று வேண்டும். உங்களிடம் உண்மையான காரணம் பாட்டிலில் அடைத்தே இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சான்றில்லாத கதையைப் பிடிப்பானேன்?

தண்டனை எவ்வளவு வரும் என்று மாதக் கணக்கில் சொல்ல யாராலும் முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம். முன்னுதாரணம் பார்க்கலாம். இதே டெர்பியூடலினுக்குக் கிரிக்கெட் வீரர்கள் யூசுஃப் பதானுக்கு 5 மாதம், பிரித்வி ஷாவுக்கு 8 மாதம். ஷாவின் மாதிரி 2019 பிப்ரவரி 22 அன்று இந்தூரில் எடுக்கப்பட்டது. சளி, இருமலுக்குச் சிரப் குடித்தேன் என்றார், ஏற்றார்கள். இரண்டும் கிரிக்கெட் வாரியமே தன் விதிப்படி விசாரித்த காலத்தவை. 2019 ஆகஸ்டில்தான் வாரியம் நாடாவின் கீழ் வர ஒப்புக்கொண்டது. எனவே அந்த எண்களை நாடா குழு முன் சட்டம் போல வீசாதீர்கள், ஒப்பீடாக மட்டும் வையுங்கள்.

அலட்சியத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதற்கு டென்னிஸ் வீரர் மரின் சிலிச்சின் 2013 வழக்கு இன்றும் மேற்கோள். குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது என்று மொனாக்கோவில் ஒரு மருந்துக்கடையில் வாங்கி வந்த மாத்திரையில் தடைப்பட்டியலில் உள்ள நிக்கெத்தமைடு இருந்தது. லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்தும், வைட்டமின் வகையான நிக்கோட்டினமைடு என்று எண்ணிச் சாப்பிட்டுவிட்டார். டென்னிஸ் சம்மேளனக் குழு 9 மாதம் கொடுத்தது, மேல்முறையீட்டில் 4 ஆனது. லேபிளைப் படித்தாரா, தடைப்பட்டியலோடு ஒப்பிட்டாரா, இணையத்தில் தேடினாரா, நிபுணரைக் கேட்டாரா என்று அந்த வழக்கில் வைத்த கேள்விகளையே உங்களிடமும் வைப்பார்கள். நேர்மையாகச் சொன்னால் உங்கள் பதில் நான்குக்கும் ‘இல்லை’தான். ஆனால் தட்டின் மறுபக்கம் வைக்கவும் சில உண்டு: முதல் தொழில்முறை சீசன், அணி மருத்துவர் இல்லாத ஊரில் நோய், கடைக்குப் போய்ச் சும்மா கேட்டு வாங்காமல் டாக்டரைப் பார்த்தது, பட்டியல் ஆங்கிலத்தில் இருப்பது. ஊக்கமருந்து பற்றிய வகுப்பு எதிலாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? உட்கார்ந்திருந்தால் வருகைப் பதிவில் கையெழுத்து இருக்கும். இல்லை என்று வாய் விட்டுவிட்டு மாட்டாதீர்கள்.

இடைக்காலத் தடை பற்றியும் கடிதத்தில் ஒரு பத்தி இருக்கும். ஸ்பெசிஃபைட் பொருளுக்கு அது கட்டாயமில்லை. நீங்களாகவே எழுத்தில் ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். இறுதித் தடை பொதுவாகத் தீர்ப்பு நாளிலிருந்துதான் தொடங்கும். ஆனால் நீங்கள் ஒழுங்காக ஒதுங்கியிருந்த நாள்கள் அதில் கழியும். ஏற்காமல் சீசனில் ஆடினால், மாதிரி எடுத்த நாளுக்குப் பின் ஆடிய ஆட்டங்களின் முடிவுகளும் பரிசுப் பணமும் பறிபோகக்கூடும், தடையோ முழுசாகப் பாக்கி இருக்கும். அணி ஒப்பந்தத்தில் ஊக்கமருந்துப் பிரிவைப் படியுங்கள். “நீயே விலகுவதாக எழுதிக் கொடு” என்று யாராவது நீட்டினால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்.

நாடாவோடும் வாடாவோடும் சேர்ந்து தண்டனைக் காலத்தைப் பேசி முடிக்கும் ஒப்பந்த வழியும் விதியில் உண்டு. குற்றச்சாட்டுக் கடிதம் வந்த பின், தவறை ஒப்புக்கொள்வதாக இருந்தால் கேட்கலாம். கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒத்துவராவிட்டால் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன் விசாரணை. தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அரைகுறை ஆங்கிலத்திலோ இந்தியிலோ ‘யெஸ் சார்’ சொல்லிக் கெட்ட வழக்குகள் உண்டு. தீர்ப்பில் குறை இருந்தால் 21 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். தண்டனை குறைவு என்று தோன்றினால் வாடாவும் மேலே போகலாம் என்பதால், சாதகமான தீர்ப்பு வந்த மறுநாளே பட்டாசு வேண்டாம்.

ஊர்க் கபடி: மாவட்டச் சங்கமோ மாநிலச் சங்கமோ அனுமதித்து நடத்தும் எந்தப் போட்டியிலும் தடைக்காலத்தில் கால் வைக்கக் கூடாது. ஆடுவது மட்டுமல்ல, கோச்சாக, நடுவராக, அணி நிர்வாகியாகக்கூடக் கூடாது. திருவிழா மேட்ச்தானே என்று இறங்கி யூடியூப் நேரலையில் முகம் தெரிந்துவிட்டால், எவ்வளவு தடையோ அதே அளவு இன்னொரு தடவை கூடும். நோட்டீஸில் சங்கத்தின் பெயர் இருந்தால் அந்த மைதானத்துப் பக்கமே போகாதீர்கள். தனியாக ஓடலாம், ஜிம் போகலாம். அணியோடு பயிற்சிக்கு, தடைக்காலத்தின் கடைசி இரண்டு மாதம் அல்லது கடைசி கால்பாகம், எது குறைவோ அதில் திரும்பலாம். எட்டு மாதத் தடை என்றால் ஆறு மாதம் முடிந்ததும் போகலாம். நான்கு மாதம் என்றால் கடைசி ஒரு மாதம் மட்டும். தடைக்காலத்திலும் மாதிரி எடுக்க வருவார்கள். அப்போது மறுத்தால் அது தனியாக நான்கு ஆண்டு. மல்யுத்த வீரர் பஜ்ரங் பூனியாவுக்கு 2024ல் வந்தது மாதிரி கொடுக்க மறுத்ததற்கான தடைதான்.

அடுத்த முறை இருமல் வந்தால் டாக்டரிடம் உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியது, “நான் பரிசோதனைக்கு உட்பட்ட வீரர், டெர்பியூடலின், சால்புடமால், லெவோசால்புடமால் உள்ள டானிக் எழுதாதீர்கள்” என்பது. அம்ப்ராக்சால், ப்ரோம்ஹெக்சின், குவாய்ஃபெனிசின், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் தடையில் இல்லை. ஆனால் கூட்டு மருந்தில் நான்காவதாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீசிங் இருந்தால் சால்புடமால் இன்ஹேலர் அளவோடு அனுமதி: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது, எந்த 8 மணி நேரத்திலும் 600ஐத் தாண்டக் கூடாது. ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஆறு பஃப். நெபுலைசர் வைத்தால் ஒரு தடவையிலேயே 2500 போய்விடும், அதற்கு, தடையில் உள்ள மருந்தைச் சிகிச்சைக்காக எடுக்கத் தரும் மருத்துவ விலக்கு அனுமதி வேண்டும். “ஊசி போட்டால் உடனே சரியாகிவிடும்” என்று டெக்ஸாமெத்தசோன் போடுவதும் நம்மூரில் சகஜம். இது தசை வளர்க்கும் ஸ்டீராய்டு அல்ல, குளுக்கோகார்ட்டிகாய்டு என்ற வேறு வகை; 2022 முதல் இந்த வகை ஊசியை உடலில் எங்கே போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. இப்போதைய டானிக்குக்கே பின்தேதியில் மருத்துவ விலக்கு கேட்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். சாதாரண இருமலுக்குத் தடையில்லாத மருந்து இவ்வளவு இருக்கும்போது அது கிடைக்காது, அதில் நாளை வீணாக்க வேண்டாம்.

இன்று மாலைக்குள் அந்த மூன்று வரி மெயில். நாளை காலை டாக்டர், பிறகு மருந்துக்கடை. ஆறாம் நாளே விளக்கம் நாடாவுக்குப் போய்ச் சேரட்டும். ஏழாம் நாள் இரவு ஊரில் கரண்ட் போனால் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.